இரண்டு நோயாளிகளுக்கு நடுவே

18 வருடம் மெடிக்கல் ரெப்பாக இருந்தேன். அந்த வேலையில் மருந்தைப் பற்றிப் பேசுகிற நேரம் இரண்டு நிமிடம், காத்திருக்கிற நேரம் இரண்டு மணி. கடைசி நோயாளி வெளியே போகும்வரை ரெப்புகளை உள்ளே விடமாட்டார்கள். கதவு திறந்து மூடுவதற்குள் கண்ணில் படுகிற டாக்டரின் மேசையைப் பார்த்தே பாதி வாழ்க்கை போயிற்று: பிரஷர் பார்க்கும் கருவி, நாங்கள் கொடுத்த பேனா ஸ்டாண்டு, நாங்களே அச்சடித்துக் கொடுத்த பிரிஸ்கிரிப்ஷன் பேடு. அந்தப் பேடின் பின்பக்கத்தில் டாக்டர்கள் என்னவெல்லாமோ எழுதி வைப்பார்கள். மளிகைச் சாமான், இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டிய தேதி, மகளின் டியூஷன் மாஸ்டர் நம்பர். கவிதையை மட்டும் நான் பார்த்ததில்லை.

அதனால், அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஒரு குழந்தை மருத்துவர் பிரிஸ்கிரிப்ஷன் பேடில் கவிதை எழுதினார், பிற்பாடு வந்த அமெரிக்கக் கவிஞர்களில் பாதிப் பேர் அவரிடம் பாடம் கேட்டவர்கள் என்று எங்கோ படித்தபோது, எனக்குள் இருந்த ரெப்தான் முதலில் நிமிர்ந்து உட்கார்ந்தான். வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ். பெயரைப் பார்த்ததும் இன்னொன்றும் உறைத்தது. இந்த ஆள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு.

நான் படித்தது பி.ஏ. ஆங்கில இலக்கியம். ஒருநாள் பேராசிரியர் பாடத்தில் இல்லாத ஒரு கவிதையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டார். ஆங்கிலத்தில் மொத்தம் 16 சொற்கள். தமிழில் சுமாராக இப்படி வரும்:

எத்தனையோ காரியம்
இருக்கிறது

ஒரு சிவப்புத் தள்ளு
வண்டியை நம்பி

மேலெல்லாம் மினுங்கும் மழை
நீர்

பக்கத்தில் வெள்ளைக்
கோழிகள்

"சார், கோழி முட்டை போட்டுச்சா?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். என்ன காரியம் இருக்கிறது, யாருக்கு இருக்கிறது என்று கடைசிவரை சொல்லவே இல்லையே? சுத்த ஏமாற்று வேலை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

(இப்போது மொழிபெயர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. ஆங்கிலத்தில் அந்தத் தள்ளுவண்டி ஒரே சொல், மழைநீரும் ஒரே சொல். இரண்டையும் வில்லியம்ஸ் நடுவில் உடைத்து அடுத்த வரியில் போட்டிருக்கிறார். தமிழில் தள்ளு, வண்டி, மழை, நீர் என்று அவை தாமாகவே பிளந்துகொள்கின்றன. மொழிபெயர்க்கிறவனுக்கு இப்படி அதிர்ஷ்டம் அடிப்பது அபூர்வம்.)

சரி, ஆளைப் பார்ப்போம். 1883 செப்டம்பர் 17இல் ரூதர்ஃபோர்டில் பிறந்தார். நியூயார்க்கிலிருந்து சில மைல் தள்ளி இருக்கிற சிறு ஊர். அப்பா இங்கிலாந்தில் பிறந்து கரீபியன் தீவுகளில் வளர்ந்தவர். அமெரிக்காவிலேயே காலம் தள்ளியும் கடைசிவரை பிரிட்டிஷ் பிரஜையாகவே இருந்தார். அம்மா புவெர்ட்டோ ரிக்கோவின் மயாகெஸ் ஊர்க்காரர், பாரிஸில் ஓவியம் படித்தவர். வீட்டில் ஸ்பானிஷ் புழங்கியது. அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயர் எமிலி டிக்கின்சன் வெல்கம். கவிஞர் எமிலி டிக்கின்சனுக்கும் இந்தப் பாட்டிக்கும் சம்பந்தம் இல்லை, வெறும் பெயர்ப் பொருத்தம். ஆனால் பேரனின் கவிதை ஒன்றில் இவரும் ஏறிக்கொண்டார். ஆம்புலன்ஸில் கொண்டுபோகும்போது ஜன்னலுக்கு வெளியே மங்கலாகத் தெரிபவை என்ன என்று கிழவி கேட்கிறாள். மரங்கள் என்றதும், அதுவும் அலுத்துவிட்டது என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நான் படித்த மரணக் கவிதைகளில் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லாதது இதுதான். பிற்காலத்தில் அமெரிக்கப் பேச்சில்தான் கவிதை எழுத வேண்டும் என்று மல்லுக்கு நின்றவர், அந்தப் பேச்சைத் தாய்மடியில் கேட்டு வளர்ந்தவர் இல்லை. வெளியிலிருந்து வந்து கேட்டவரின் காது அது. நோயாளியின் இருமலைக் கேட்கிற காதும் அதுவே.

1902இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் சேர்ந்தார். அங்கேதான் எஸ்ரா பவுண்ட் என்ற கவிஞரின் நட்பு. பவுண்ட் இவரைவிட இரண்டு வயது சின்னவர், ஆனால் பேச்சில் இருபது வயது பெரியவர். அப்போதே ஊருக்கெல்லாம் வாத்தியார். ஹில்டா டூலிட்டில் என்ற கவிஞரும், சார்ல்ஸ் டெமுத் என்ற ஓவியரும் அந்தக் காலத்து நண்பர்கள்தாம். பவுண்ட் கப்பல் ஏறி லண்டன் போனார். இவர் நியூயார்க்கில் பயிற்சி மருத்துவர் ஆனார்.

அந்தப் பயிற்சிக் காலத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில், அரசுக்கு அனுப்ப வேண்டிய மாதக் கணக்கில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கணக்கைச் சரிபார்க்க ஆவணங்களைக் காட்டுங்கள் என்றார். காட்டவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். மேலே இருந்தவர்கள் மிரட்டினார்கள், கூட வேலை பார்த்தவர்கள் போட்டுத் தொலை என்றார்கள். ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். நியூயார்க்கில் பெரிய டாக்டராக வருகிற வாய்ப்பு அத்தோடு சரி. நகரத்தில் நிலைத்திருந்தால் அவருக்குப் பணக்கார நோயாளிகள் கிடைத்திருப்பார்கள். பசேயிக் ஆற்றங்கரை ஆலைத் தொழிலாளர்களின் அடுக்களைகளுக்குள் அவர் நுழைந்திருக்கவே மாட்டார்.

அதே வருடம், 1909இல், முதல் கவிதைப் புத்தகம் வந்தது. உள்ளூர் அச்சகத்தில் சொந்தச் செலவில் போட்டது. பழைய ஆங்கிலக் கவிஞர் கீட்ஸைப் பார்த்து எழுதிய சொதப்பல். உள்ளூர் ஸ்டேஷனரிக் கடையில் வைத்ததில் ஏறக்குறைய நான்கு பிரதிகள் விற்றன. மீதி, அச்சடித்தவரின் கோழிக்கூட்டில் கிடந்து, ஒருநாள் தவறுதலாக எரிந்துபோயிற்று. ஆகக் கோழிகள் அவருடைய இலக்கிய வாழ்க்கைக்குள் வெகு சீக்கிரமே வந்துவிட்டன. லண்டனிலிருந்து பவுண்ட் எழுதினார்: நீ காலத்துக்கு வெளியே இருக்கிறாய், என்னென்ன படிக்க வேண்டும் என்று இதோ பட்டியல்.

ஜெர்மனியில் லைப்சிக் நகரில் குழந்தை மருத்துவம் படித்துவிட்டுச் சொந்த ஊருக்கே திரும்பினார். 1912இல் ஃப்ளாரன்ஸ் ஹெர்மனைக் கல்யாணம் செய்தார். எல்லாருக்கும் அவர் ஃப்ளாஸி. இதிலும் ஒரு கதை உண்டு. அவர் முதலில் ஆசைப்பட்டது ஃப்ளாஸியின் அக்காவை. அக்கா வில்லியம்ஸின் தம்பியைத் தேர்ந்தெடுத்தாள். சில நாள் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தவர், எழுந்து போய்த் தங்கையிடம் கேட்டார். அப்படித் தொடங்கிய கல்யாணம் ஐம்பது வருடம் நின்றது. 1913இல் ரிட்ஜ் ரோட்டில் 9ஆம் எண் வீட்டை வாங்கினார்கள். வீடும் கிளினிக்கும் ஒன்றே. சாகும்வரை அந்த முகவரி மாறவில்லை.

அந்தக் கிளினிக் மேசைதான் என்னை இழுத்தது. மேசைக்குள் ஒரு டைப்ரைட்டர் இருந்தது. பலகையைத் தூக்கினால் மேலே வந்து நிற்கும். ஒரு நோயாளி போய் அடுத்தவர் வருவதற்குள் ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ கிடைக்கும். தட்டுவார். பாதி வாக்கியத்தில் கதவு திறந்தால் டைப்ரைட்டர் உள்ளே போய்விடும், டாக்டர் வெளியே வந்துவிடுவார். அவரே சுயசரிதையில் சொல்வது இது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், படுக்கைக்குப் போகும் முன், இன்னும் பத்துப் பக்கம் அடிக்கக்கூட முடிந்ததாம். வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நோயாளிகள் வேறு. 1918 விஷக் காய்ச்சலின்போது அந்தப் பகுதி டாக்டர்கள் ஒரு நாளைக்கு அறுபது வீடுகள்வரை ஏறி இறங்கினார்கள். வாழ்நாளில் அவர் பிரசவம் பார்த்துக் கையில் வாங்கிய குழந்தைகள் இரண்டாயிரத்துக்கும் மேல்.

இவ்வளவு வேலைக்கு நடுவிலும் எழுதினாரே என்று எல்லாரும் வியக்கிறார்கள். இதில்தான் நான் மாறுபடுகிறேன். நேரம் இல்லாமல் போனது அவருக்கு இடைஞ்சல் என்றால், அந்தக் கவிதைகளின் உடம்பு ஏன் இப்படி இருக்கிறது? மூன்று சொல், ஒரு மூச்சு, வரி முடிந்தது. கதவு எப்போது திறக்கும் என்று தெரியாதவன் எழுதுகிற வரி அது. அலங்காரத்துக்கு நேரம் இல்லை, தத்துவத்துக்கு நேரம் இல்லை. பார்த்ததைச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். பொருள்களில்தான் கருத்து, வேறெங்கும் இல்லை என்று அவர் சொன்ன வாக்கியத்தை விமர்சகர்கள் பெரிய கோட்பாடாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது நோய் பார்க்கிறவரின் பழக்கமாகத்தான் தெரிகிறது. முதலில் நாக்கை நீட்டு, பார்க்கிறேன். காரணம் அப்புறம்.

மொழியும் அந்த அறைகளிலிருந்தே வந்தது. உங்கள் ஆங்கிலம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு, போலந்துத் தாய்மார்களின் வாயிலிருந்து என்று பதில் சொன்னவர் அவர். பேட்டர்சன், பசேயிக் ஆலைகளுக்குப் பிழைக்க வந்த போலந்து, இத்தாலிக் குடும்பங்கள் அவருடைய நோயாளிகள். உடைந்த ஆங்கிலத்தில், சுற்றி வளைக்காமல், பயத்தோடு பேசுகிறவர்கள். அந்தப் பேச்சின் நீளம்தான் அவர் வரியின் நீளம்.

1923இல் வந்த 'வசந்தமும் எல்லாமும்' புத்தகத்தின் முதல் கவிதை தொற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிற சாலையில் தொடங்குகிறது. வசந்தம் என்றால் பூ, குயில் என்று போகாமல், சேறு, காய்ந்த புல், குளிர்காற்று, இலை விடாத புதர். ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிப் போகிறவருக்கு வசந்தம் அப்படித்தான் தெரியும். அதில் புதிதாகத் தலைநீட்டும் செடிகளைப் பிறந்த குழந்தைகள் போல, நிர்வாணமாக, குளிரில், ஒன்றும் தெரியாமல் உலகத்துக்குள் வருகிறவை என்கிறார். பிரசவம் பார்க்கிறவர் சொல்கிற உவமை என்று தெரிந்து படிக்கும்போது முதுகு சில்லென்கிறது.

புத்தகம் பிரான்சில் டிஜோன் நகரில் அச்சாயிற்று. சுமார் முந்நூறு பிரதி. உரைநடையும் கவிதையும் கலந்து, அத்தியாய எண்களை வேண்டுமென்றே தாறுமாறாகப் போட்ட புத்தகம். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் கவிஞர் எலியட்டின் 'பாழ்நிலம்' என்ற நெடுங்கவிதை வந்திருந்தது. தங்கள் உலகத்தின் மேல் அணுகுண்டு விழுந்த மாதிரி இருந்தது என்று வில்லியம்ஸ் பிறகு எழுதினார். கவிதையை எலியட் மறுபடியும் பேராசிரியர்கள் கையில் கொடுத்துவிட்டார் என்பது அவருடைய தீராத மனக்குறை. பொறாமை கொஞ்சமும் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கரும்பலகையில் எழுதிப் போட்டு அர்த்தம் கேட்டால் வகுப்பறை சிரிக்கிற மாதிரியான கவிதைகளை எழுதியவர் பேராசிரியர்களைக் கண்டு பயந்ததில் நியாயம் இருக்கிறது. அந்தச் சிரிப்பில் நானும் இருந்தேனே.

அந்தத் தள்ளுவண்டிக் கவிதையும் இதே புத்தகத்தில்தான். தலைப்புக்கூட கிடையாது, வெறும் 22 என்று எண். பல வருடம் கழித்து, அது மார்ஷல் என்ற கறுப்பினக் கிழவரின் மேலுள்ள பிரியத்தில் எழுந்தது என்று வில்லியம்ஸ் சொன்னார். ஒரு காலத்தில் மீன்பிடிக்கப் போனவர், கொல்லையில் கோழி வளர்த்தவர். முழுப் பெயரும் முகவரியும் வெகுகாலம் யாருக்கும் தெரியாது. வில்லியம் லோகன் என்ற விமர்சகர் பழைய மக்கள்தொகைக் கணக்கேடுகளைத் துழாவித் தேடிக் கண்டுபிடித்தார்: தாடியஸ் மார்ஷல், ரூதர்ஃபோர்டில் எல்ம் தெரு, தெருவில் சுற்றிக் காய்கறி விற்றவர். ரிட்ஜ் ரோட்டிலிருந்து நடந்தே போகிற தூரம். 2015இல்தான் அவர் கல்லறைக்கு ஒரு கல் வந்தது.

காய்கறி விற்கிற ஒருவரின் தள்ளுவண்டி. அதை நம்பி எவ்வளவு காரியம் இருக்கும் என்று எங்கள் வகுப்பில் ஒருவனுக்காவது தோன்றியிருக்க வேண்டாமா? எங்களில் இரண்டு பேர் தள்ளுவண்டி வியாபாரிகளின் பிள்ளைகள்.

இதற்காக மனிதரைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். அவரே அதற்கு இடம் கொடுக்கவில்லை. 'பலப்பிரயோகம்' என்று ஒரு சிறுகதை. 1938 தொகுப்பில் இருக்கிறது, மூன்று நான்கு பக்கம்தான். ஊரில் தொண்டை அடைப்பான் பரவுகிறது. காய்ச்சலில் கிடக்கும் ஒரு சிறுமி வாயைத் திறக்க மறுக்கிறாள். டாக்டரின் கண்ணைப் பிறாண்டப் பாய்கிறாள், மூக்குக்கண்ணாடி பறக்கிறது. மரக்குச்சியைக் கடித்துத் துண்டாக்குகிறாள். பெற்றோர் இருவரும் கையைப் பிசைகிறார்கள். கடைசியில் டாக்டர் ஒரு கனமான கரண்டியைக் கேட்டு வாங்கி, பலவந்தமாக வாயைத் திறந்துவிடுகிறார். நோய் அங்கே இருக்கிறது. அதை அவள் நாட்கணக்கில் மறைத்து வைத்திருந்தாள். செய்தது சரியான காரியம்தான். ஆனால் அந்த நிமிடத்தில் தனக்கு வெறி வந்தது, அந்தக் குழந்தையைத் தாக்குவதில் சந்தோஷம் இருந்தது என்று கதை சொல்கிற டாக்டர் ஒப்புக்கொள்கிறார். நூற்றுக்கணக்கான டாக்டர்களை எனக்குத் தெரியும். குழந்தைகளோடு போராடியதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சந்தோஷத்தைப் பற்றி ஒருவர்கூட வாய் திறந்ததில்லை.

வீட்டிலும் அவர் உத்தமர் இல்லை. வேறு பெண்கள் இருந்தார்கள், ஃப்ளாஸிக்கும் தெரிந்திருந்தது. மனைவி ஐஸ்பெட்டியில் எடுத்து வைத்திருந்த பிளம் பழங்களைத் தின்றுவிட்டு எழுதிய மன்னிப்புச் சீட்டு மாதிரி ஒரு கவிதை 1934இல் வந்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டு, எவ்வளவு இனிப்பு, எவ்வளவு குளிர்ச்சி என்று சப்புக்கொட்டி முடிகிற கவிதை. உலகமே அதைக் கொண்டாடுகிறது. எனக்கும் பிடிக்கும், ஆனால் படிக்கும்போதெல்லாம் காலையில் ஐஸ்பெட்டியைத் திறந்து பார்க்கிற ஃப்ளாஸியின் முகம்தான் முன்னால் வருகிறது. இதேபோல், 'பேட்டர்சன்' என்ற நெடுங்கவிதையில் ஒரு பெண் கவிஞர் தனக்கு எழுதிய கோபக் கடிதங்களைப் பெயரை மாற்றிப் பக்கம் பக்கமாகச் சேர்த்துக்கொண்டார். ஆண் எழுத்தாளனின் வஞ்சகத்தைக் குற்றம் சாட்டுகிற கடிதங்கள் அவை. அதையே எடுத்துப் பயன்படுத்தினால் அதற்கு என்ன பேர்?

'பேட்டர்சன்' 1946 முதல் 1958 வரை ஐந்து பகுதியாக வந்தது. பசேயிக் அருவியும் அதன் பக்கத்தில் வளர்ந்த ஆலை நகரமும் ஒரு மனிதனாகப் படுத்திருப்பது போல் கற்பனை. உள்ளே செய்தித்தாள் துணுக்கு, பழைய விபத்துகள், கடிதங்கள், ஆழ்துளைக் கிணறு தோண்டியபோது எந்த ஆழத்தில் என்ன பாறை வந்தது என்ற பட்டியல் எல்லாம் கிடக்கும். நேர்மையாகச் சொன்னால் பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. குறுகிய வரிகளின் வில்லியம்ஸ்தான் என் வில்லியம்ஸ். ஆனால் 1950இல் கவிதைக்கான முதல் தேசியப் புத்தக விருது அவருக்குக் கிடைக்க இதன் மூன்றாம் பகுதியும் காரணம். பேட்டர்சனில் வளர்ந்த ஆலன் கின்ஸ்பெர்க் என்ற இளைஞர் எழுதிய கடிதங்களும் இந்த நெடுங்கவிதைக்குள் இடம் பிடித்தன. அந்தப் பையனின் 'ஊளை' கவிதை நூல் 1956இல் வந்தபோது முன்னுரை எழுதியவர், எழுபது தாண்டிய இந்த ஊர் டாக்டர்தான்.

கடைசிக் காலம் கொடுமையானது. 1948இல் மாரடைப்பு, 1951இல் பக்கவாதம், அடுத்த வருடம் மறுபடியும். வலது பக்கம் சரியாக வேலை செய்யவில்லை, பார்வையும் தடுமாறியது. 1952இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் கவிதை ஆலோசகராக நியமித்தார்கள், அமெரிக்கக் கவிஞருக்குப் பெரிய கௌரவம். உடனே கம்யூனிஸ்ட் அனுதாபி என்று புகார் கிளம்பியது. ரஷ்யா என்ற தலைப்பில் ஒரு கவிதை எழுதியிருக்கிறார், தேசத்துரோக வழக்கில் சிக்கிய பவுண்டின் நண்பர் வேறு. அந்தக் காலம் அப்படி. நியமனம் தொங்கலில் நின்றது, விசாரணை இழுத்தது, பதவிக் காலமே முடிந்தது. ஒருநாள்கூட அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. 1953இல் மனச்சோர்வு முற்றி மருத்துவமனையில் இருந்தார். வாழ்நாள் முழுக்கக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர், கட்டிலில் கிடந்தார்.

எழுந்து வந்து அவர் எழுதியதுதான் ஃப்ளாஸிக்கான நீண்ட கவிதை. 1955இல் வந்தது. நரகத்திலும் பூக்கும் என்று கிரேக்கர்கள் நம்பிய ஒரு பச்சைப் பூவைப் பற்றிப் பேசிக்கொண்டே, செய்த துரோகங்களை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறார். இந்த முறை பழச் சீட்டின் குறும்பு இல்லை. கவிதைகளிலிருந்து செய்தி கிடைப்பது கஷ்டம், ஆனால் அங்கே இருப்பது கிடைக்காமல் தினமும் மனிதர்கள் பரிதாபமாகச் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற புகழ்பெற்ற வரிகள் இதில்தான் வருகின்றன. மேடைகளில் அதைப் பொன்மொழியாக எடுத்து வீசுகிறார்கள். ஆயிரம் சாவு வீடுகளுக்குள் போய் வந்த ஒருவர், பெண்டாட்டியிடம் கெஞ்சுகிற இடத்தில் சொன்னது அது.

1963 மார்ச் 4இல் ரிட்ஜ் ரோட்டு வீட்டிலேயே இறந்தார். மே மாதம் புலிட்சர் பரிசு அறிவித்தார்கள், பெரும்பாலும் எல்லாப் பரிசும் அவருக்கு வந்த மாதிரியே, தாமதமாக.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அதற்கு முந்தைய சில வருடங்களை. 1951இல் மூத்த மகன் வில்லியம் எரிக் கிளினிக்கை ஏற்றுக்கொண்டார். அவரும் குழந்தை மருத்துவர். கீழே அதே அறையில் குழந்தைகள் அலறுகின்றன, அம்மாக்கள் சமாதானப்படுத்துகிறார்கள். மேலே ஒரு கிழவர் மின்சார டைப்ரைட்டரின் முன் உட்கார்ந்து, ஓரளவு அசைகிற கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறார். வரிகள் இப்போது படிக்கட்டு மாதிரி மூன்று மூன்றாக இறங்குகின்றன. நேரம் வேண்டிய மட்டும் இருக்கிறது. கீழே அழைப்பு மணி அடிக்கிறது. எழுந்து போக வேண்டியவர் இப்போது மகன்.